இடப்பக்கப் பலகைகள்

என் மேல் போடப்பட்ட உத்தரவை, ஊர் கூடி நிற்க, நானே உரக்கப் படித்தேன். பழவேற்காட்டுக் கோட்டையில் அப்போது பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷிகள் இரண்டு பேர். ஒருவர் மரைக்காயர், அவர் அரிசிக் கொள்முதலுக்காகப் பொன்னேரிப் பக்கம் போயிருந்தார். மிச்சம் நான். கோட்டையை வைத்திருந்த டச்சுக்கார ஒலாந்தர்களுக்கு இதில் வினோதமாக எதுவும் தோன்றவில்லை. துபாஷி என்பவன் ஒரு மதகு. எந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று மதகு கவலைப்படுவதில்லை என்பது அவர்கள் நினைப்பு.

எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்துக் கரையில் சலங்கின் மூக்கருகே நின்று படித்தேன். ‘என் சலங்கு’ என்று நான் சொல்லக்கூடாது என்பதுதான் உத்தரவின் சாரம். ‘எங்கள் சலங்கு’ என்றால் என் மனைவி சும்மா விடமாட்டாள். ஆகவே ‘மேற்படி சலங்கு’ என்றே கடைசிவரை படித்துத் தப்பித்தேன். குரல் தொழில் பழக்கத்தால் கணீரென்று வந்தது.

கடலோரத்தில் வளராதவர்களுக்குச் சலங்கு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். கப்பல்கள் எங்கள் கரையை நெருங்க முடியாது. மணல்திட்டும் அலையும் விடாது. தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சரக்கையும் ஆளையும் அலைமேல் ஏற்றிக் கரை சேர்க்கிற பெரிய படகுதான் சலங்கு. அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் விழுந்தால் பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிரும். எங்கள் சலங்கு கோட்டைச் சரக்கை இறக்கிக் கூலி வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் உருப்படியான சொத்து அது ஒன்றுதான். அதில் பாதி அவள் பிறந்த வீட்டு நகையை விற்றுப் போட்டது, பாதி என் கோட்டைச் சம்பளத்தில் சேர்த்தது. இரண்டு பேரும் ‘என்னுடையது’ என்று சொன்னோம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதனால்தான் சண்டை முடியவில்லை.

கடைசித் தீர்ப்பு நாகப்பட்டினத்திலிருந்து வர வேண்டும். பெரிய துரைமார்கள் அங்கேதான் இருந்தார்கள். எங்கள் காகிதங்கள் கப்பலேறிப் போயிருந்தன. அவை திரும்பி வரும்வரை யார் எதைச் சாப்பிடுவது, யார் எதைத் தொடுவது என்று இங்கே கோட்டைச் சபை சொல்லும். அதற்கு ‘இடைக்கால உத்தரவு’ என்று தமிழ் வைத்தவன் நான். வைத்த நேரத்தில் நல்ல தமிழாகத்தான் பட்டது.

அதில் கண்டது இவ்வளவு. என் சம்பளத்தில் ஒரு பங்குக்கு மாதாமாதம் நெல் வாங்கி அவள் அண்ணன் வீட்டு வாசலில், சாட்சி வைத்து, நானே அளக்க வேண்டும். வீட்டில் நான் குடியிருக்கலாம். பூட்டுப் போட்ட பெட்டி எதையும் திறக்கக்கூடாது. பெட்டிகள் மேல் அரக்கு முத்திரை. என் ஏடுகள் இருந்த பெட்டியும் பூட்டுப் போட்டிருந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் நான் படித்த ஒரே இலக்கியம் அந்த உத்தரவு. பிறகு சலங்கு. விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது, தண்ணீரில் இறக்கக்கூடாது, கிடக்கும் இடத்தைவிட்டு நகர்த்தக்கூடாது, அதன் ஒரு பலகையைக்கூடக் கழற்றக்கூடாது.

கடைசி வாசகத்தைக் கோட்டைக் காரியதரிசி தன் கைப்பட எழுதிச் சேர்த்திருந்தார். நான் படகைப் பிரித்துப் பலகை பலகையாக விற்றுவிடுவேன் என்று அவள் மனுவில் சொல்லியிருந்தாளாம். அவர் கெட்டிக்காரர். ஒரு பொந்துகூட விடக்கூடாது என்று அடைத்துவிட்டார்.

படித்து முடித்துக் காகிதத்தைச் சுருட்டினேன். பெண்கள் கூட்டத்திலிருந்து அவள் குரல் வந்தது.

“அவ்ளோதானா? இல்ல, நடுவுல எதுனா முழுங்கிட்டியா?”

கரையே சிரித்தது. என் சித்தப்பாகூடச் சிரித்தார். அவர் ஊர்த் தலைவர், சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அந்தக் கேள்வியில்தான் எங்கள் பிரிவின் முழுக்கதையும் இருந்தது. எங்கள் வீட்டில் அடியோ குடியோ கிடையாது. என் அக்கா அதே வீட்டில் இருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரிடம் ஒருவர் நேரே பேசிக்கொள்ளாத நாட்களில் நான் நடுவே போய்வருவேன். இவள் ‘அந்தப் பானையைத் தொட்டால் கை இருக்காது’ என்றால், நான் அடுப்படிக்குப் போய் ‘பானை சூடாக இருக்கிறதாம், ஜாக்கிரதை’ என்பேன். அக்கா திருப்பிச் சொல்வதையும் அப்படியே சர்க்கரை தடவிக் கொண்டுவருவேன். கோட்டையில் இதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சலங்கின் ஆட்களிடமும் அப்படித்தான். அவள் அவர்களை வைதால் நான் அதை விசாரிப்பாக மாற்றிச் சொல்வேன். ஒருநாள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடிப் பேசிவிட்டார்கள். அன்று மாலை அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் சமாதானம் சொன்னேன். அவள் ஒரே ஒரு தரம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

“உன் ஊட்ல நான் பேசுனது ஒன்னுகூட நான் பேசுனது இல்ல.”

பிறகு ஊரின் மறு கோடியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஊர்ப் பஞ்சாயத்துக்கு அவள் போகவில்லை. தலைவர் என் சித்தப்பா. கோட்டையில் யாரும் யாருக்கும் சித்தப்பா இல்லை என்று கணக்குப் போட்டாள். சலங்கு கோட்டைக்கு வேலை செய்ததால் சபையும் மனுவை வாங்கிக்கொண்டது. என்னோடு இத்தனை காலம் வாழ்ந்ததில் அவள் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் மனு எழுதுவது யாரிடம் என்பதுதான்.

உத்தரவு படித்த அன்றே சலங்கின் மூக்கில் கயிறு கட்டி அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர் அந்தப் படகைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. கடலுக்குப் பயப்படாத ஜனம். சிவப்பாக ஒரு சொட்டு அரக்குக்குப் பயந்தது. அதுவரை அதன் மேல் வலை உலர்த்தினார்கள், அதன் நிழலில் தூங்கினார்கள். இப்போது பத்தடி தள்ளிச் சுற்றிப் போனார்கள். மச்சான், அதாவது அவள் அண்ணன், பகலில் காவலுக்கு ஆள் போட்டான். என் சித்தப்பா இரவுக்கு ஆள் போட்டார். படகுக்கு யாரும் நல்லது செய்துவிடாதபடி இரு தரப்பும் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டன.

ஒரு கோழி மட்டும் உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை. பக்கத்துக் குடிசைக்காரியின் கோழி, சலங்குக்குள் ஏறி முட்டையிட்டுவிட்டது. அவள் எடுக்கப் போனாள், காவலாள் தடுத்தான். சலங்குக்குள் இருப்பதெல்லாம் சலங்கைச் சேர்ந்தது என்றான். கோழிக்கு உத்தரவைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் கேட்டாள். வழக்கு சித்தப்பாவிடம் போனது. அவர் துபாஷியைக் கேளுங்கள் என்று என்னிடம் தள்ளினார். எதிர்வாதியாகிய நான் முட்டை விஷயத்தில் கருத்துச் சொல்வது முறையல்ல என்றேன். முட்டை அங்கேயே கிடந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் காற்று திரும்பினால் மூக்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

நானும் சிரித்தேன். ஆனால் வானத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

புரட்டாசி முடிந்துகொண்டிருந்தது. ஐப்பசி பிறந்தால் கப்பல்கள் இந்தக் கரையை விட்டு ஓடிவிடும்; தையில்தான் திரும்பும். இடையில் வாடைக்காற்றும் மழையும் புயலும். சலங்கு வைத்திருப்பவர்கள் எல்லாம் ஐப்பசிக்கு முன் ஒரு வேலை செய்தாக வேண்டும். தையலை அறுத்து, பலகைகளைப் பிரித்து, எண்ணெய் போட்டு வீட்டுக்குள் அடுக்கிவிடுவார்கள். தை பிறந்ததும் புதுக்கயிறு போட்டு மறுபடி தைப்பார்கள். பிரிக்காமல் விட்டால் மழையில் கயிறு அழுகும். அழுகிய கயிற்றோடு பலகை வீங்கி முறுக்கிக்கொள்ளும். அப்புறம் அது விறகு. அதற்கு முன்பே புயல் அலை வந்தால் அதுவும் மிஞ்சாது. அந்த வருடம் முகத்துவாரத்தை ஒட்டிக் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. நான் தினமும் கோட்டைக்குப் போகும்போதும் வரும்போதும், சலங்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த மணலைப் பார்வையால் அளந்தேன். காலையில் இருந்த மணல் மாலையில் இருக்கவில்லை.

காரியதரிசிக்குத் தெரிந்த படகுகள் ஆணி அடித்தவை. அவற்றைக் கரையில் போட்டு முத்திரை குத்தினால் அடுத்த வருடமும் படகாகவே இருக்கும். ஒரு படகைக் காப்பாற்ற அதைப் பிரிக்க வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருந்தது. என் மனைவிக்கும் தெரிந்திருந்தது. ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. பிரிக்கலாம் என்று நான் சொன்னால் விற்கப்போகிறேன் என்று பேர் வரும். அவள் சொன்னால் மனுவில் தான் சொன்னதையே மறுத்ததாகும். ஆக, இரண்டு சொந்தக்காரர்களும் இரு பக்கமும் உட்கார்ந்து, சொத்து அழுகுவதை உத்தரவுப்படி பார்த்துக்கொண்டிருந்தோம். சோறு இறங்கவில்லை. படுத்தால் கயிறு ஒவ்வொரு இழையாக அறுகிற சத்தம் கேட்டது. அக்கா அது எலி என்றாள்.

கடைசியில் காரியதரிசியிடமே போனேன். ஒல்லியான மனிதர், ஏரிக் காய்ச்சல் வந்து வந்து போய், பழைய பாய்மரத் துணி நிறத்தில் இருந்தார். என் பேச்சை அவர் கேட்கவே இல்லை. இது உன் வழக்கு, உன் வழக்கில் நீ பேச இன்னொரு துபாஷி வேண்டும் என்றார். அவர் மொழியில்தான் பேசுகிறேன் என்றேன். அதுதான் முறைகேடு என்றார். உத்தரவை நானே படித்தபோது அந்த முறை எங்கே போயிருந்தது என்று கேட்க நாக்குத் துடித்தது. மரைக்காயருக்கு ஆள் அனுப்பினேன்.

மரைக்காயர் வந்தார். நான் தமிழில் சொன்னேன். தையல், கயிறு, மழை, முறுக்கிக்கொள்ளும் பலகை, அரிக்கும் கரை என்று உயிரைக் கொடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி ஒரே வாக்கியம் சொன்னார்: இவன் படகைப் பிரிக்க விரும்புகிறான். இரண்டு மொழியும் தெரிந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வாயை மூடிக்கொண்டு, என் பேச்சு என்னுடையது இல்லாமல் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன்.

“தம்பி, அவருக்குக் காய்ச்சல். நீ சொன்னத அப்படியே சொன்னா அவரு மவுத்தாயிருவாரு. நான் உனக்கு நல்லதுதான் செஞ்சேன்.”

எங்கோ கேட்ட பேச்சுபோல் இருந்தது. அது என் பேச்சேதான் என்று பிறகு புரிந்தது.

ஆனாலும் ஒரு வழி கிடைத்தது. இரு தரப்பும் சேர்ந்து வந்து கேட்டால் உத்தரவைத் திருத்தலாம் என்று காரியதரிசி சொல்லியிருந்தார். அதாவது என்னோடு பேசாமல் இருப்பதற்காகவே கோட்டைவரை போனவள், என்னோடு சேர்ந்து கோட்டைக்கு வர வேண்டும்.

முதலில் மச்சானிடம் பேசிப் பார்த்தேன். அவன் முத்திரைக்கு மிகவும் பயந்திருந்தான்.

“மாப்ள, நாங்க தொடல. நீங்களும் தொடாதீங்க. தொட்டா கைய எடுத்துருவானுங்களாம். அப்புறம் நெல்லு யார் அளக்கறது?”

அடுத்த நெல் அளக்கிற நாளில் அவளே வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டு, மச்சானைப் பார்த்து, சலங்கு விஷயமாக உன் தங்கச்சியிடம் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அண்ணன் இன்னாத்துக்கு நடுவுல? எனுக்கு காது கீது.”

ஆகவே நேரே சொன்னேன். மழை வருகிறது, பிரிக்காவிட்டால் போய்விடும் என்றேன். பயத்தில் வேறு அலங்காரம் எதுவும் வாயில் வரவில்லை. அவளுக்கும் அதே பயம் என்பது இறாலை உரித்த வேகத்தில் தெரிந்தது. தலையோடு சதையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பிரித்துவிட்டால் அது படகில்லை, வெறும் பலகை. எந்தப் பலகையை யார் தூக்கிப் போனான் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். நியாயம்தான். வேண்டுமானால் எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு உண்மையில் இல்லை. அவளே ஒரு வழி சொன்னாள். எவ்வளவு நாளாக யோசித்து வைத்திருந்தாளோ.

“இடப்பக்கத்துப் பலகை எல்லாம் எங்கிட்ட. வலப்பக்கம் உங்கிட்ட. அடிப்பலகை கோட்டைல கெடக்கட்டும். எவன் தன்னுத மட்டும் வெச்சிகினு இன்னா பண்ண முடியும்?”

மச்சான் வாயைப் பிளந்தான். நானும்தான். கோட்டைச் சபை முழுவதும் கூடி எழுதிய உத்தரவைவிட இது சுத்தமான உத்தரவு. யாரும் விற்க முடியாது, யாரும் ஓட்ட முடியாது, யாரும் யாரையும் நம்ப வேண்டியதும் இல்லை.

கோட்டைக்கு அவள் முன்னே, அண்ணன் நடுவில், நான் பின்னே என்று போனோம். காரியதரிசிக்கு இது விளங்கவே நேரமாயிற்று. சொத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பது உத்தரவு. நீங்கள் அதை மூன்றாகப் பிரித்துவைக்கச் சொல்கிறீர்களே என்றார். மரைக்காயர் திரும்பித் தமிழில் கேட்டார். அவள் பதில் சொல்வதற்கு முன் அவரிடம், தான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். மரைக்காயர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உண்மையாகவே சொல் சொல்லாகச் சொன்னார். காரியதரிசி நெற்றியில் ஈரத்துணியோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உத்தரவின் ஓரத்தில் திருத்தம் எழுதினார்.

முத்திரையை உடைப்பதில் ஒரு சிக்கல் வந்தது. வைத்த காரியதரிசி முன்னிலையில்தான் உடைக்க வேண்டும். அவர் எழுந்து நிற்கிற நிலையில் இல்லை. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு சிப்பாய் அதைத் தட்டில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்து நின்றான். தொப்பி பார்த்திருக்க முத்திரை உடைந்தது. அதற்குள் தூறல். தொப்பி நனையக்கூடாது என்று சிப்பாய் ஓடிவிட, நாங்கள் தையல் அறுத்தோம். கெட்டுப்போன முட்டைகளை என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை, கடலில் போட்டோம். கோழிக்காரி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாபம் கொடுத்தாள்.

இடப்பக்கப் பலகைகளை மச்சானின் ஆட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். அவள் பின்னால் நடந்தாள், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே. வலப்பக்கம் என் வீட்டுக்கு வந்தது. அடிப்பலகை கோட்டைக் கிடங்குக்குப் போனது.

புயல் ஐப்பசி நடுவில் வந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது சலங்கு கிடந்த இடத்தில் கடல் இருந்தது. இடம் அடையாளம் தெரியவில்லை. இரண்டு பேர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது. வேறு சிலருடைய சலங்குகள் போயிருந்தன. இன்று பிரிக்கலாம், நாளை பிரிக்கலாம் என்று விட்டவர்கள்.

அதோடு கவலை தீர்ந்தது என்று நினைத்தேன். அது இடம் மாறியது, அவ்வளவே. கார்த்திகை முழுவதும் மழை. என் பாதிப் படகு படுக்கை அறையில், நான் அதன் பக்கத்தில். என் பலகைகளுக்கு எண்ணெய் போட்டேன். அவள் போட்டாளா? மச்சான் வீடு ஒழுகுமே. ஒரு பக்கம் காய்ந்து, ஒரு பக்கம் ஈரமாக இருந்தால் தையில் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதே. நெல் அளக்கும் சாக்கில் போய், கதவிடுக்கு வழியாகப் பார்க்க முயன்றேன். இருட்டாக இருந்தது. சுறா எண்ணெய் வாடை மட்டும் வந்தது. அந்த நாற்றத்தை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு நின்றேன். மச்சான் மெதுவாக, நெல் இன்னும் பாக்கி இருக்கிறதா மாப்ள என்று கேட்டான்.

தை பிறந்து நாலைந்து நாளில் தூரத்தில் பாய் தெரிந்தது. நாகப்பட்டினத்துக் கப்பல். அதில்தான் எங்கள் தீர்ப்பு வரவேண்டும். ஆனால் அதைக் கரைக்குக் கொண்டுவரச் சலங்கு வேண்டும். தப்பிய சலங்குகள் எல்லாம் இன்னும் பலகையாகவே அடுக்கிக் கிடந்தன. எதையாவது தைத்தால்தான் உண்டு. கோட்டைக்கு அவசரம். தபால் பை, மருந்து, சாராயம். எந்த வரிசையில் அவசரம் என்று சொல்லவில்லை. எங்கள் சலங்கையும் தைத்து இறக்கலாம் என்று காரியதரிசி ஒரு வரி எழுதி அனுப்பினார். எங்களைப் பிரிக்கிற காகிதத்தைக் கொண்டுவர எங்கள் படகு போக வேண்டும்.

தைப்பது ஆண்கள் வேலை. அவள் கரைக்கு வந்து நின்றதும் முணுமுணுப்பு எழுந்தது. தன் பக்கத்துப் பலகையில் தன் கை இல்லாமல் கயிறு போகாது என்றாள். உத்தரவுப்படி அது சரி. அவள் சம்மதிக்காமல் அவள் பலகையை வேறு யாரும் தொடக்கூடாது. சித்தப்பா உத்தரவைக் கேட்டுச் சொல் என்று என்னைப் பார்த்தார். அவள் சொல்வது சரி என்றேன்.

சலங்கு தைக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் படகுக்கு உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளிருப்பவர் துளை வழியாகக் கயிற்றை வெளியே தள்ள, வெளியில் இருப்பவர் இழுத்து இறுக்கி அடுத்த துளையில் திருப்பி விட வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அடிப்பலகையை வைத்து வலப்பக்கத்தை என் ஆட்கள் தைத்தார்கள். இடப்பக்கத்துக்கு அவள் வெளியே நின்றாள். உள்ளே யாராவது போகட்டும் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கடலை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே இறங்கினேன். பேனா பிடித்துப் பிடித்து என் கை மீனவனின் கையாக இல்லை. பத்துத் துளை தாண்டுவதற்குள் தோல் உரிந்தது. கயிறு வெளியே போனது, இழுபட்டது, திரும்பி வந்தது. ஒரு துளையில் கயிறு வராமல் நின்றது. பயந்துபோனேன். பலகை முறுக்கிவிட்டதோ, துளை பொருந்தவில்லையோ என்று குனிந்து பார்த்தேன். துளைக்கு அந்தப் பக்கம் அவள் கண் இருந்தது.

“எண்ண போட்டியா, உன் பலகைக்கு?” என்றாள்.

போட்டேன் என்றேன்.

“எத்தினி தபா?”

“ஒரு தபா.”

மூன்று தரம் என்று சொல்லியிருக்கலாம். தொழில் பழக்கத்தில் அந்தப் பொய் நாக்கு வரை வந்திருந்தது. தான் நாலு தரம் போட்டதாக அவள் சொன்னாள். பிறகு கயிறு வந்தது. சாயங்காலத்துக்குள் இடப்பக்கத்தை வாயில் நுரை தள்ளத் தைத்து முடித்தோம். அதற்கிடையில் எங்களுக்குள் நடந்த பேச்சு ‘இழு’, ‘விடு’, ‘இன்னும்’ என்பவை மட்டும். இத்தனை வருடத்தில் நான் இடையில் எதுவும் சேர்க்காமல் நடந்த முதல் சம்பாஷணை அது.

மறுநாள் காலை சலங்கு அலை ஏறியது. ஆட்கள் துடுப்புப் போட, முதல் அலையில் அது முதுகை நெளித்ததைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். பலகை முறுக்கியிருந்தால் இங்கேதான் தையல் விடும். கண்ணைத் திறந்தபோது மூன்றாம் அலையையும் தாண்டியிருந்தது. தள்ளிப் பெண்கள் நடுவில் அவளும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றிருந்தாள். விரலிடுக்கு வழியாகப் பார்த்திருப்பாள்.

பை வந்தது. காரியதரிசி எங்கள் காகிதத்தை எடுத்து என்னிடமே நீட்டினார்; மரைக்காயர் பக்கத்தில்தான் இருந்தார், பழக்கம் விடவில்லை. கோட்டை வாசலில் அவளும் மச்சானும் நின்றார்கள். முதலில் எனக்குள் படித்தேன்.

அதில் தீர்ப்பு இல்லை. அனுப்பிய ஆவணங்கள் போதாது. விவரம் கேட்டு எழுதப்படும். அதுவரை இடைக்கால உத்தரவு, திருத்தப்பட்டபடி, நீடிக்கும். இவ்வளவுதான்.

ஒரு சொல் கூட்டாமல் படித்தேன்.

“முழுங்கிட்ட,” என்றாள்.

இல்லை என்றேன். அவள் காகிதத்தை வாங்கி மரைக்காயரிடம் கொடுத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். அதே வார்த்தைகள், அதே வரிசை. அவள் என்னை வெகு நேரம் பார்த்தாள். விலை சொன்ன மீன் உண்மையிலேயே அந்த விலைதான் என்று தெரிந்தவளின் பார்வை.

“இந்த ஒரு தபா ஒழுங்கா சொல்லிகீற,” என்றாள். மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் வீட்டுக்குத்தான்.

அதற்குப் பிறகு நாகப்பட்டினத்திலிருந்து விவரம் கேட்டும் எழுதவில்லை, தீர்ப்பும் வரவில்லை. உத்தரவு நடப்பில் இருக்கிறது. நான் மாதாமாதம் நெல் அளக்கிறேன். சலங்குக் கூலியை ஆளுக்குப் பாதியாக மச்சான் பிரிக்கிறான். புரட்டாசி கடைசியில் தையல் அறுத்து அவள் இடப்பக்கத்தைக் கொண்டுபோகிறாள், நான் வலப்பக்கத்தை; அடிப்பலகை கோட்டைக்குப் போகிறது. தையில் மூன்றும் வந்து சேர வேண்டும். சேருமா என்று ஒவ்வொரு மார்கழியும் எனக்குத் தூக்கம் போகிறது. ஒரு வருடம் அவள் வராமல், பலகை மட்டும் வந்தால்? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொல்ல நடுவில் ஆள் இல்லை. என் பலகைகளுக்கு நாலு தரம் எண்ணெய் போடுகிறேன்.

பழைய காரியதரிசி காய்ச்சலோடு கப்பலேறிப் போய்விட்டார். இந்தப் புரட்டாசியில் வந்த புதியவர் இளைஞர், பழைய காகிதக் கட்டுகளை எல்லாம் முடித்துவிட வேண்டும் என்று துடிப்பவர். இந்த மார்கழியில் எங்கள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது இத்தனை காலம் எப்படிக் கிடந்தது என்று திகைத்தார். நாகப்பட்டினத்துக்கு எழுதி, உடனே தேடி எடுத்துத் தீர்ப்புச் சொல்லும்படி கேட்கட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, மனு அவளுடையது. கேட்டுவந்து சொல்கிறேன் என்றேன். வழி முழுவதும், அவளிடம் இதை எப்படி நயமாகச் சொல்லலாம் என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போய் நின்றதும் அவர் கேட்டதை அப்படியே சொன்னேன்.

அவள் முறத்தில் கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பதில் சொன்னாள். வாங்கிக்கொண்டு கோட்டைக்குத் திரும்பி, ஒரு சொல் மாற்றாமல் அவர் மொழியில் சொன்னேன்:

“தேடுறவன் தேடட்டும். தை பொறக்கப் போவுது, கயிறு திரிக்க நார ஊறப்போடு.”

புதிய காரியதரிசி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். இதற்கு என்ன அர்த்தம், எழுதட்டுமா வேண்டாமா என்று கேட்டார்.

அவள் சொன்னது அவ்வளவுதான் என்றேன்.